என் குடலை நம்பாத டாக்டரம்மா

யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே ஒரு கதையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். சிம்மக்கல்லில் வெல்ல மண்டி வைத்திருக்கும் நான், என் மண்டித் தராசின் மேல் வலது கையை வைத்து உறுதி கூறுகிறேன்: இதில் வரும் எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. டாக்டர் ஹமீதா அம்மா உயிரோடு இருந்தவரை என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் நம்பியதில்லை. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் சேர்ந்து போடும் இந்த நினைவு மலரில் மட்டும் நான் யோக்கியனாக வேஷம் கட்டினால், அவர் எழுந்து வந்து வரிக்கு வரி சிவப்புப் பேனாவால் கோடு போடுவார்.

சேதி ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் வந்தது. என் தங்கை மகள் கயல் போன் செய்து, "மாமா, டாக்டரம்மா தவறிட்டாங்க," என்றாள். "யார் சொன்னா?" என்று கேட்டேன். குரூப்பில் போட்டோ போட்டிருக்கிறார்கள் என்றாள். குரூப்பில் போட்டோ போட்டு எத்தனை பேரைக் கொன்றிருக்கிறார்கள், எல்லாரும் மறுநாள் கடைவீதியில் காய் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

டாக்டரம்மாவுக்கு ஒரு விதி உண்டு. "நல்ல சேதிய ரெண்டு தடவ சோதிக்கணும். கெட்ட சேதிக்கு ஒரு தடவ போதும்," என்பார். நான் அந்தக் கெட்ட சேதியை மூன்று தடவை சோதித்தேன். டாக்டரம்மாவின் குடல் ஆய்வுக்கூடத்துக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அவருடைய நம்பருக்கே அடித்தேன், அவர் தம்பி எடுத்து, நெஞ்சு வலி என்றார். அவரையும் நம்பாமல் ஆட்டோ பிடித்து, பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள் தெரு முனை வரை கிடந்தன. அதில் பாதிச் செருப்பு எனக்குத் தெரிந்த செருப்பு. ஆய்வுக்கூடத்தின் காத்திருப்பு அறைக்கு வெளியே வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து, எந்தக் குடல் எந்தச் செருப்பில் வருகிறது என்று எனக்கு மனப்பாடம். அத்தனையும் அங்கே இருந்ததும் நான் சோதிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

கயலின் விஷயத்தைச் சொல்லாமல் டாக்டரம்மாவைச் சொல்ல முடியாது. அவள் வாடிப்பட்டியில் இருக்கும் என் தங்கை பாண்டியம்மாளின் மகள். வயலும் தென்னையும் உள்ள வீடு. கயல் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறாள். சில வருடங்களுக்கு முன்பு அவளால் ஒரு பாடவேளை முழுவதும் வகுப்பில் நிற்க முடியாமல் போயிற்று. நாற்பத்தைந்து நிமிடத்தில் மூன்று முறை கழிப்பறைக்கு ஓடினாள். போனால் ரத்தமும் சளியும். மூலம் என்றார்கள். சூடு என்றார்கள். பாண்டியம்மாளின் கொழுந்தனார் செய்வினை என்றார். நான் எல்லாருக்கும் மேலே போய், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று துப்பறிந்து, மாறுவேடத்தில் பதினோரு நாள் தொட்டியைக் காவல் காத்தேன். நோயின் பெயர் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று பிறகு தெரிந்தது. பெருங்குடலின் உள்சுவரோடு உடம்பே சண்டைக்கு நிற்கிற நோய். எதிரி வெளியிலிருந்து வரவில்லை என்பதில் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கயலின் முகம் வட்டமாக உப்பியது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்து, "புள்ள நல்லாப் பூரிச்சிருக்கு," என்று பாராட்டினார்கள். மருந்து கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கைவிட்டது. இனியும் அடங்கவில்லை என்றால் பெருங்குடலையே எடுத்துவிட்டு வயிற்றில் பை மாட்ட வேண்டியிருக்கும் என்று ஒரு பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். கயல் வீட்டுக்கு வந்து, பீரோவிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடுப்பில் எது நன்றாக மறைக்கும் என்று கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது வயது இருபத்தாறு.

அப்படித்தான் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. அத்தா கைலி வியாபாரி. கைலியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நூலில் பழுது தேடும் பார்வை மகளுக்கும் அப்படியே வந்திருந்தது. கயலின் ரிப்போர்ட்டுகளை அப்படித்தான் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். காலையில் கீழே நோயாளிகள், மதியத்துக்கு மேல் மாடியில் அந்த நோயாளிகளின் மலம். நாம் தின்னும் நாரைத் தின்று குடல் சுவருக்குச் சாப்பாடு போடுகிற கிருமிகள் சில இருக்கின்றன என்றும், இந்த நோய்க்காரர்களிடம் அவை குறைந்துபோயிருப்பதைப் பார்க்கிறோம் என்றும் சொன்னார். அவை குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அவை குறைந்தனவா என்று கயல் கேட்டாள். இயற்பியல் படித்த புத்தி. டாக்டரம்மா முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். "எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு யாராவது சொன்னா அவங்ககிட்டப் போகாத," என்றார்.

தெரியாது என்று சொல்லும் டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊரில் உள்ளவர்களின் மலத்தையெல்லாம் டப்பா டப்பாவாக வாங்கி, பனிப்பெட்டியில் அடுக்கி, எதற்கு? எவன் வாங்குகிறான்? ஆய்வுக்கூடத்துக்கு எதிரில் இருந்த டீக்கடையில் முகாம் போட்டேன். மூன்று நாளில் நான் குடித்த டீயில் வைகை இரு கரையும் தொட்டு ஓடியிருக்கும். மூன்றாம் நாள் ஒரு ஐஸ் பெட்டி ஆட்டோவில் ஏறியது. இன்னொரு ஆட்டோவில் பின்தொடர்ந்தேன். மாட்டுத்தாவணியில் அது வெளியூர் பஸ்ஸின் வயிற்றுக்குள் போனதைக் கண்ணால் கண்டேன். பூ மார்க்கெட்டின் மல்லிகை வாசத்துக்கு நடுவில், மதுரை மாநகரத்தின் குடல் ரகசியம் எங்கோ கடத்தப்படுகிறது.

மறுநாள் அவர் மேஜைக்கு முன்னால் நின்று தேசத்துரோகக் குற்றச்சாட்டைப் படித்தேன். முழுவதும் கேட்டார். பிறகு மாடிக்குக் கூட்டிப் போய், கையுறை மாட்டிவிட்டு, குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினார். எந்தக் குப்பியிலும் பெயர் இல்லை, வெறும் எண்கள். கிருமிகளின் மரபணுவைப் படிக்கும் மெஷின் இங்கே இல்லாததால் வேறு ஊருக்கு அனுப்புகிறோம் என்றார். கயல் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்து, அதில் அந்த வரியை விரல் வைத்துக் காட்டினார். நான் படிக்காமல் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்த படிவம்.

"சந்தேகப்பட்டது நல்லதுண்ணே. ஆனா சந்தேகம்னா நேரா வந்து கேக்கணும். டீக்கடையில ஒளியக் கூடாது. ரெண்டாவது நாளே டீக்கடைக்காரரு வந்து எங்கிட்டச் சொல்லிட்டாரு."

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் உளவு பார்ப்பது போன்ற சிநேகிதம். நான் உள்ளே நுழைந்தாலே, "வாங்கண்ணே, இன்னைக்கு எம்புட்டுப் பொய் கொண்டாந்திருக்கீங்க?" என்பார்.

அந்தச் சமயத்தில் அவர் ஒரு சிகிச்சையை ஆராய்ச்சியாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைப் பலவிதமாகச் சோதித்து, கரைத்து வடிகட்டி, கொலோனோஸ்கோப்பி குழாய் வழியாக நோயாளியின் குடலுக்குள் விடுவது. நல்ல கிருமிகள் அங்கே குடியேறுகின்றனவா என்று பார்ப்பது. கேட்கிறதா இல்லையா என்பது தீர்ந்துபோன விஷயம் இல்லை, முயற்சிதான் என்று மூன்று தடவை சொன்னார். கயல் சம்மதித்தாள். கொடையாளி குடும்பத்து ஆளாகவும் இருக்கலாம், வெளியாளாகவும் இருக்கலாம்.

வாடிப்பட்டி வீட்டில் இந்தச் சேதி சொல்லப்பட்ட போது நான் எழுந்து நின்றேன். கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுத்ததற்குப் பிறகு பாரத தேசத்தில் இப்படி ஒரு கொடை நடந்ததில்லை என்று அறிவித்தேன். அறுபது வருடமாக வெல்லத்திலும் கம்பங்கூழிலும் வளர்ந்த குடல், ஒரு மாத்திரையையும் அறியாத கன்னிக் குடல் என்று முழங்கினேன். பாண்டியம்மாள் அழுதுவிட்டாள். கயல் மட்டும், "மாமா, உங்க கிருமி வந்தா எனக்கும் இப்படிப் பேச்சு வந்துருமா?" என்று கேட்டாள். பல மாதம் கழித்து அவள் அடித்த முதல் கிண்டல் அது.

ஒரு வாரச் சாப்பாட்டைக் குறித்து எழுதச் சொல்லி ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். எழுதினேன். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"காலையில நாப்பது இட்லியா?"

"கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும் டாக்டரம்மா."

"இந்த நோட்டுல எத்தன நெசம்?"

"பாதி."

"எந்தப் பாதி?"

நான் கூரையைப் பார்த்தேன். அவர் வரிக்கு வரி சிவப்புக் கோடு போட்டுவிட்டு, "பரவால்லண்ணே. நீங்க பேசறத விட நீங்க குடுக்குற டப்பா நல்லாவே உண்மை பேசும்," என்றார்.

டப்பாவை நானே ஐஸ் பெட்டியில் வைத்து டவுன் பஸ்ஸில் மடியில் சுமந்துகொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் மோப்பம் பிடித்து, "என்னண்ணே, அயிரை மீனா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எங்கே வாங்கினீர்கள், பாதி கொடுங்கள் என்று சிம்மக்கல் வரை கெஞ்சிக்கொண்டே வந்தார். அந்த மனிதர் எங்கிருந்தாலும் என்னை மன்னிக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து டாக்டரம்மா என்னைத் தனியாக மாடிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அண்ணே, உங்க டப்பா சரியில்ல. மருந்தடிச்ச வயலு மாதிரி இருக்கு. இருக்க வேண்டியவங்கள்ல பாதிப் பேரக் காணோம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா?"

கொடையாளிப் படிவத்திலேயே இல்லை என்று எழுதியிருக்கிறேனே என்றேன். காய்ச்சல், பல்வலி, கால் புண் என்று ஏதாவது வந்து, மெடிக்கலில் சொல்லி ஒரு செட்டு மாத்திரை கட்டி வாங்கினேனா என்று வேறு விதமாகக் கேட்டார். நம் ஊரில் டாக்டரைப் பார்க்க நேரம் இல்லாதவன் எல்லாம் அப்படித்தானே வாங்குகிறான் என்றார். ஊரான் வாங்குவான், நான் வாங்க மாட்டேன் என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, மூன்றாவது தடவையாக, மெதுவாகக் கேட்டார்.

"குத்தம் கண்டுபிடிக்கக் கேக்கலண்ணே. கயலுக்கு எதிர்ப்புச் சக்திய அடக்குற மருந்து ஓடிக்கிட்டு இருக்கு. மாத்திரைக்கே சாகாத முரட்டுக் கிருமி ஒண்ணு உங்ககிட்ட இருந்து உள்ள போயிட்டா அந்தப் புள்ள தாங்காது. சொல்லுங்க."

நான் மீசையைத் தடவிக்கொண்டு, என் குடல் புடம் போட்ட தங்கம் என்றேன். அவர் ஃபைலை மூடினார். "பொருந்தலன்னு எழுதிக்கிறேன். ஏன்னு உங்க வீட்டுல கேட்டா நான் சொல்ல மாட்டேன். உங்க உடம்புச் சங்கதி உங்களோடது."

வாடிப்பட்டி வீட்டுக்குப் போய் நான் சொன்னது வேறு. என் குடலின் வீரியம் தாங்காமல் மெஷின் புகைந்து நின்றுவிட்டது என்றேன். அதற்கு மேலும் ஒன்று சொன்னேன்: அந்த அம்மாவிடம் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது, யாரோ வெளியாளுடையதைத் தள்ளிவிடப் பார்க்கிறது. சந்தேகம் சீக்கிரம் பற்றிக்கொள்ளும் வீடு அது. பாண்டியம்மாள் மறுநாளே மதுரைக்கு வந்து காத்திருப்பு அறையில், அத்தனை பேருக்கு முன்னால் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் குடுக்க வாரேன்னு நிக்குது, நீங்க வேணாங்குறீங்க. எவனோடதையோ எம்புள்ளைக்கு ஏத்துவீங்க. என்ன கணக்கு இது?"

டாக்டரம்மா ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, வேற ஆளு தேடுறோம்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பாண்டியம்மாள் பேசியதெல்லாம் அவர் முகத்தில் விழுந்தது. நான் பக்கத்தில் தூணோடு தூணாக நின்று, மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று இருந்தன. இது மிகைப்படுத்தல் இல்லை.

வேறு ஆள் கிடைக்க வாரங்கள் ஆயின. அதற்குள் கயலுக்கு நோய் முற்றி, படுக்கையில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் பார்க்கலாமா என்ற பேச்சு மறுபடி எழுந்தது. தவித்துப்போய், ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே நாமே செய்து பார்த்தால் என்ன என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். குரலை உயர்த்தவில்லை. "அந்தப் புள்ளையக் கொல்லணும்னா வேற வழியே கெடைக்கலையா உங்களுக்கு?" என்றார். சிம்மக்கல்லில் நான் தும்மினால் கல்பாலத்தில் லாரிகள் நிற்கும் என்று பேர். அன்று படி இறங்கிய என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

கடைசியில் ஒரு கொடையாளி கிடைத்தார். யார் என்று டாக்டரம்மா சொல்லவே இல்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டேன். ஆய்வுக்கூடத்து வாட்ச்மேனை, டீக்கடைக்காரரை, அயிரை மீன் கேட்ட பஸ் பயணியை. மதுரையில் கன்னம் பளபளக்க நடந்துபோன ஆண் பெண் யாரையும் விட்டுவைக்கவில்லை. பல தவணைகளாகச் சிகிச்சை நடந்தது. மாத்திரைகளும் கூடவே தொடர்ந்தன. மெல்ல மெல்ல ரத்தம் நின்றது. ஒரு நாள் கயல் போன் செய்து, "மாமா, இன்னைக்கு முழுப் பீரியடும் நின்னேன். ஒளிவிலகல் நடத்தி முடிச்சிட்டேன்," என்றாள். நான் மண்டியில் இருந்த அச்சு வெல்லம் அவ்வளவையும் தெருவில் போவோர் வருவோர்க்கெல்லாம் வாரிக் கொடுத்தேன். ஐந்நூறு மூட்டை இருக்கும். சரி, ஒரு தட்டு.

ஆளுயர மாலையோடு டாக்டரம்மாவிடம் ஓடினேன். வாங்க மறுத்தார். "நாங்க வெச்சதுனால கேட்டுச்சா, மாத்திரையால கேட்டுச்சா, தானா அடங்குச்சா, ஒண்ணும் தெரியாது. ஒரு வருசம் போகட்டும்." ஒரு வருடம் போயிற்று. மறுபடி மாலையோடு போனேன். "இன்னொரு வருசம் போகட்டும்," என்றார். பெய்கிற மழைக்குக்கூட நான்தான் காரணம் என்று உரிமை கொண்டாடுகிறவன் நான். கண்ணெதிரே நிற்கும் பெண்ணுக்குக்கூட உரிமை கொண்டாட மறுத்த அவரை எனக்குப் புரியவே இல்லை. அப்போது அவர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்: "நம்பிக்க நோயாளிக்கு வேணும்ணே. எனக்கு இருந்தா நோயாளிக்கு ஆபத்து."

கடைசியாக அவரைப் பார்த்தது இரண்டு மாதத்துக்கு முன்பு. கயலின் பரிசோதனைக்காகப் போயிருந்தோம். அவள் உள்ளே இருந்தாள். டாக்டரம்மா மாடிப்படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், என்னமோ நேற்று விட்ட பேச்சைத் தொடர்வது போல, "ஏண்ணே, அந்த செட்டு எதுக்கு வாங்குனீங்க? பல்லுக்கா, காலுக்கா?" என்று கேட்டார்.

"எந்த செட்டு டாக்டரம்மா?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே டம்ளரை வைத்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

அவருடையதாக என்னிடம் இப்போது இருப்பது அந்தச் சாப்பாட்டு நோட்டு மட்டும்தான். வரிக்கு வரி அவர் போட்ட சிவப்புக் கோடுகளோடு, மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உலகத்தில் என்னை நம்பியவர்கள் நிறைய. என் தங்கை நம்பினாள், கயல் நம்பினாள். அந்த நம்பிக்கையோடு என் டப்பாவை அவள் குடலுக்குள் விட்டிருந்தால் இன்று அவள் எங்கே இருந்திருப்பாள் என்று நினைக்கும்போது, என்னை நம்பாத அந்த ஒரு ஆளின் கோடுகளைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

கயல், இந்த மலரை நீயும் படிப்பாய், உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டுவாய். மெஷின் புகையவில்லை. கன்னிக் குடல் என்பதும் பொய். மாத்திரை சாப்பிட்டவன் மாதக்கணக்கில் காத்திருந்துதான் கொடுக்க முடியும் என்று கொடையாளிப் படிவத்தில் இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் நான் படித்திருந்தேன். நீ ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தாய். உனக்கு அவ்வளவு நாள் இல்லை என்று நினைத்தேன். வீட்டில் எழுந்து நின்று முழங்கியதைத் திருப்பி எடுக்கவும் வாய் வரவில்லை. எது முதலில், எது பிறகு என்று என்னால் இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உனக்காக இன்னொரு ஆளைத் தேடிய வாரங்களும், உனக்கு ஏற்றிய ரத்தமும், டாக்டரம்மா வாங்கிக்கொண்ட வசவும் என்னால் வந்தவை.

மீதியை எல்லாம் தள்ளிவிடுங்கள். நாற்பது இட்லி, பதினோரு நாள் காவல், ஐந்நூறு மூட்டை எல்லாம் வழக்கமான என் சரக்கு. இந்தக் கதையில் ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம்.

பல்லுக்குத்தான், டாக்டரம்மா. கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிப் பல். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஐந்து நாள்.